41 நாள் நிறுத்தியவர் 42ஆம் நாள் ஏன் குடிக்கிறார்?

கார்த்திகை முதல் வாரம் எங்கள் மனநலப் பிரிவில் கட்டில் கிடைப்பது கடினம். தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு மருத்துவமனைச் செவிலியராகக் காலம் தள்ளிவிட்டேன், ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் இதற்கான காரணத்தை யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது. கார்த்திகை 1 அன்று சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்தவர் முந்தின இரவு நண்பர்களோடு கடைசியாக ஒரு சுற்று முடித்துவிட்டு, விடியற்காலையில் தலைக்குக் குளித்து, குருசாமி கையால் துளசி மணி மாலை அணிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. உண்மையாகவே தொடுவதில்லை. அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

அன்று மாலை பஜனையில் கை நடுங்குகிறது, கற்பூரத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, தூக்கமில்லை. மறுநாள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறிவிடுகிறது. சுவரில் எறும்பு ஊர்வதாகத் தட்டுகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே போலீஸ் நிற்பதாக ஒளிகிறார்கள். கறுப்பு வேட்டியும் மாலையுமாக வந்த ஒரு கொத்தனார் கட்டிலில் உட்கார்ந்தபடி இரவு முழுவதும் காற்றில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். இல்லாத கரண்டியால் இல்லாத சாந்தை எடுத்து இல்லாத சுவரில் அப்பி, மட்டம் பார்த்து, தள்ளி நின்று சரிபார்ப்பதற்காக எழுந்திருக்கவும் பார்த்தார். இந்த நிலையில் ஆட்கள் தங்கள் தொழிலையே செய்வார்கள். தச்சர் இழைப்பார், டிரைவர் கியர் மாற்றுவார்.

உடன் வந்தவர்கள் பேசுவது வேறு. தெய்வக் குற்றம் என்கிறார்கள். மாலை போட்டுக்கொண்டு ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது, குருசாமியைக் கூப்பிட்டு விபூதி போட வேண்டும் என்கிறார்கள். விபூதி போடட்டும், நான் தடுப்பதில்லை. கையில் ஊசிக் குழாய் ஏறிய பிறகு போடட்டும்.

இதில் தெய்வத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் வேலையைக் காபா என்ற ரசாயனம் பார்க்கிறது, முடுக்கிவிடும் வேலையைக் குளுட்டமேட் பார்க்கிறது. சாராயம் முன்னதைக் கூட்டி, பின்னதைக் குறைக்கிறது. குடித்தவுடன் வருகிற தளர்ச்சி அதனால்தான். ஆண்டுக்கணக்கில் தினமும் இப்படி நடந்தால், மூளை தன் பங்குக்கு அடக்குவதைக் குறைத்து, முடுக்குவதைக் கூட்டி, சமநிலையைத் தேடிக்கொள்கிறது. ஒரு நாள் திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் கூட்டி வைத்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, வலிப்பு, பிதற்றல் எல்லாம் அந்த மிச்சக் கணக்கு. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஹெராயினை நிறுத்துகிறவருக்கு ஏற்படும் வேதனையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் நிறுத்தும் போதே ஆளைக் கொல்லக்கூடியது குடிதான்.

வைத்தியம் சிக்கலானதல்ல. லோரஸிபம், குளோர்டயஸெபாக்சைடு, டயஸிபம் போன்ற மருந்துகளில் ஒன்றைப் போதிய அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். கூடவே பி1 சத்து, அதாவது தையமின், ஊசியாக. இந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஆள் சோர்ந்தால் முதலில் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடித்தே வாழ்ந்தவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அந்தச் சத்து இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருப்பதும் செலவாகி, கண் அசைவு நின்று, நடை தள்ளாடி, புத்தி குழம்பிவிடலாம். 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானியர் விவரித்த நோய் இது. பி1 ஊசியின் விலை சில ரூபாய்தான். அது தாமதமானதால் நினைவு முழுவதும் திரும்பாமல், மனைவியிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வாழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தப் பதிவை வலிப்பைப் பற்றி எழுத உட்காரவில்லை. மாலை போட்டவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வருவதே இல்லை. ஓரிரு நாள் நடுக்கத்தைச் சமாளித்துவிட்டு, 41 நாள் மண்டலம் முழுவதும் குடிக்காமல் இருந்து, மலையேறி இறங்குகிறார்கள். பிறகு மறுபடி குடிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு வேடம் கட்டுகிறவர்களிடமும் இதையே பார்க்கிறோம். கடற்கரை ஊர்களில் சாம்பல் புதன் அன்று நிறுத்தி ஈஸ்டருக்குத் தொடங்குகிறவர்கள் உண்டு. காயல்பட்டினம் பக்கம் நோன்பு மாதம் முழுவதும் தொடாதவர்கள் உண்டு. மதம் எதுவானாலும் கதை ஒன்றுதான்.

ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், நீங்கள் இதை நோய் என்கிறீர்கள். சர்க்கரை நோயாளி மாலை போட்டால் சர்க்கரை நின்றுவிடுகிறதா? இவருக்கு மட்டும் எப்படி நிற்கிறது? அப்படியென்றால் மற்ற நாளெல்லாம் வேண்டுமென்றே குடிக்கிறார் என்றுதானே அர்த்தம்?"

நான் படித்த பாடப் புத்தகம் எதிலும் இவ்வளவு கூர்மையான கேள்வி இல்லை. அந்தப் பெண் எட்டாம் வகுப்புவரை படித்தவர், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அவருக்கு அன்று நான் சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மாலை போட்ட மனிதரின் ஒரு நாளைப் பாருங்கள். நான்கு மணிக்கு எழுந்து குளிக்கிறார். மெத்தை இல்லை, பாய். மனைவி சமைப்பதே வேறு சாப்பாடு. செருப்பு இல்லாததால் நடக்கும் பாதையே மாறிவிடுகிறது. வேலை முடிந்ததும், அதாவது மற்ற நாட்களில் கடைக்குக் கால் போகிற அந்த ஆறிலிருந்து ஒன்பது மணிக்கு, கோயிலில் பஜனை. கூட இருப்பவர்களும் மாலை போட்டவர்கள். வழக்கமாக ஊற்றிக்கொடுக்கும் நண்பன் அந்த நாட்களில் கூப்பிடமாட்டான், கூப்பிட்டால் அவனுக்குத்தான் பாவம். தெருவில் எல்லோருக்கும் தெரியும், கழுத்தில் தொங்குகிறதே. தப்பித்தவறிக் குடித்தால் வெட்கப்பட வேண்டியது ஊர் முழுவதிடமும். பெயர்கூட மாறிவிடுகிறது. பெற்ற மகளே "சாமி, சாப்பிட வாருங்கள்" என்கிறாள்.

இதில் மன உறுதி எங்கே இருக்கிறது? இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மன உறுதிக்கு வேலையே வராதபடி சுற்றியிருக்கும் அத்தனையும் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இப்படியொரு ஏற்பாட்டை ஒரு சிகிச்சைக் குழு திட்டம் போட்டு அமைக்க வேண்டுமானால் லட்சக்கணக்கில் செலவாகும்.

ஏன் சுற்றுப்புறம் இவ்வளவு முக்கியம்? 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க்கில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் அதற்குப் பதில் இருக்கிறது. குரங்கின் வாயில் பழச்சாறு விழும்போது மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துடித்தன. சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு விழும்போது ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. குடிநோயாளிக்கு அந்த விளக்கு எது? சனிக்கிழமைச் சம்பளம். பச்சைப் பலகை. மீன் வறுக்கும் வாசனை. "எங்கே இருக்கிறாய்?" என்று வரும் ஒரு போன். சிலருக்கு மனைவியோடு போடும் சண்டை, சிலருக்கு மகன் தேர்வில் வென்ற மகிழ்ச்சி. பாட்டிலைப் பார்க்கும் முன்பே மூளை அரை வழி போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள் குடித்தவர்களிடம் "பிடித்துத்தான் குடிக்கிறீர்களா?" என்று கேட்டுப்பாருங்கள். "எங்கே சிஸ்டர், குமட்டுகிறது. ஆனால் கால் தானாகப் போகிறது" என்பார்கள். வீட்டார் இதை நடிப்பு என்கிறார்கள். நடிப்பு இல்லை. 1993இல் டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வேண்டும் என்று இழுப்பதும் ருசித்து மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று எழுதினார்கள். போதைப்பொருள் முதலாவதைக் கூராக்கிக்கொண்டே போகிறது, இரண்டாவது கூடுவதில்லை, குறையவும் செய்யலாம். பிடிக்காத ஒன்றை வெறியோடு தேடிப் போவது மனித மூளையால் முடிகிற காரியம்தான். வார்டில் இதை நோயாளிக்கு விளக்கும்போது சிலர் அழுதிருக்கிறார்கள். தன்னை இத்தனை காலம் பொய்யன் என்று தானே நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

மாலை அந்த விளக்குகளையெல்லாம் ஒரே நாளில் அணைத்துவிடுகிறது. இதே விஷயம் மிகப் பெரிய அளவில் ஒருமுறை நடந்திருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவியது. ஐந்தில் ஒருவர் அங்கே அதற்கு அடிமையாகியிருந்தார். 1971இல் நிக்சன் அரசு பதறி, சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால்தான் வீட்டுக்கு விமானம் என்று விதி போட்டது. திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் இருபதில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். அன்றைக்கு யாருமே நம்பவில்லை. ஹெராயினைத் தொட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் ஊறிப்போன காலம் அது.

சிப்பாய்களுக்குத் திரும்பிப் போக வேறோர் ஊர் இருந்தது. எங்கள் ஆட்கள் மலையிலிருந்து இறங்கி அதே தெருவுக்குத்தான் வருகிறார்கள்.

அதைவிட மோசம், மாலைக்கு முடியும் தேதி ஒன்று இருக்கிறது. அந்தத் தேதி முதல் நாளே தெரியும். குடிப்பதை அவர் நிறுத்தவில்லை, தள்ளிவைத்திருக்கிறார். வேனில் போகும்போதே இறங்கும் நாளைப் பற்றிப் பேச்சு நடக்கும் என்று நோயாளிகளே சொல்லிச் சிரிப்பார்கள். மாலையைக் கழற்றிய கையோடு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. பாய் போய் மெத்தை வருகிறது, பஜனை போய் மாலை நேரம் காலியாகிறது, நண்பன் கூப்பிடுகிறான், "சாமி" போய்விடுகிறது. இதில் ஓர் உடல் ஆபத்தும் இருக்கிறது. 41 நாளில் உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். பழைய அளவையே ஒரே மூச்சில் குடித்தால் போதை பல மடங்காக ஏறும். மலைக்குப் போய்வந்த பிறகு நடக்கும் இருசக்கர வாகன விபத்துகளில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

அந்தத் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளியும் மாலை போட்டு, ஒரு பொழுது உண்டு, காலையும் மாலையும் நடந்தால், சர்க்கரை இறங்கத்தான் செய்யும் அம்மா என்றேன். நோய் போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நோய் இல்லவே இல்லை, நடிக்கிறார் என்றும் சொல்லமாட்டார்கள். நோய்க்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்வார்கள். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் வருடம் முழுவதும் மாலை போட்டுவிடலாமே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எங்கள் மருத்துவமனையில் நாங்கள் செய்ய முயல்வது கிட்டத்தட்ட அதுதான்.

ஓர் உப்பளத் தொழிலாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதை நெருங்குகிறவர். விடியும் முன் பாத்திக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புவார். வாரக் கூலி. ஆண்டுதோறும் மாலை போடுவார், ஆண்டுதோறும் தை பிறந்ததும் தொடங்குவார். வீட்டார் இழுத்துவந்திருந்தார்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் "குடி குடியைக் கெடுக்கும்" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. அவருக்குத் தெரியாதா? பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறதே.

வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் நார்வேயில் தங்கியிருந்தபோது இளம் ஆலோசகர்களோடு பேசிப் பேசி உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. 1983இல் எழுதினார். நோயாளியோடு வாதாடாதே, நீ ஒரு பக்கம் தள்ளினால் அவர் மறுபக்கம் தள்ளுவார், மாற வேண்டியதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவை என்பது அதன் சாரம். சொல்ல எளிது. வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது செவிலியர்களுக்குப் பெரிய தண்டனை.

"அண்ணாச்சி, மாலை போட்ட நாட்களில் உங்களுக்கு எது பிடித்திருந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாலை போட்டால் எல்லோரும் சாமி என்கிறார்கள். கழற்றினால் ஏலே என்கிறார்கள்."

குடும்பம், பணம், ஈரல் எதுவும் இல்லை. மரியாதை. அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க முடிந்தது. யார் மரியாதையாகப் பேசினால் உங்களுக்கு நன்றாக இருக்கும்? மருமகன். அவர் எப்போது வருவார்? சனிக்கிழமை. சனிக்கிழமை நீங்கள் எப்படி இருப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, தரையைப் பார்த்தார். நானும் வற்புறுத்தவில்லை.

சில நாட்களில் அவரே திட்டம் போட்டார். கூலியை மேஸ்திரியிடமிருந்து மனைவி வாங்கிக்கொள்வது. கடை இருக்கும் சாலையைத் தவிர்த்து, ஒரு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பது. மாலை ஆறு மணிக்குத் தங்கையின் டீக்கடையில் வடை போடுவது. இந்த மூன்றாவதைக் கேட்டு எங்கள் டாக்டர் சிரித்தார், எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. வடைச் சட்டியின் முன்னால் நிற்பவனால் எட்டரை மணிவரை நகர முடியாது.

அவர் மறுபடியும் குடித்தார். ஒரு துஷ்டி வீட்டில், தை மாதம். பொதுவாக இந்த இடத்தில் நடப்பதை ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் இருவரும் 1985இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார்கள். ஒருமுறை தவறியவர் "எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்" என்று தன்னையே கைகழுவிவிடுகிறார். அந்த வெட்கத்தை மறைக்க அடுத்த குவார்ட்டர். ஒரு நாள் சறுக்கல் மூன்று மாதக் குடியாவது இப்படித்தான். விரதம் இருந்து பழகியவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கிறது, ஏனென்றால் விரதம் முறிந்தால் முறிந்ததுதான், பாதி முறிவு என்று ஒன்று அதில் கிடையாது. அதனால் சறுக்கினால் என்ன செய்வது என்பதை அவர் நன்றாக இருக்கும்போதே பேசி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை புறநோயாளிப் பிரிவு வரிசையில் தானாக வந்து நின்றார், வாடை இன்னும் போகாமல். முன்பெல்லாம் அடுத்த கார்த்திகைவரை அவரைப் பார்க்க முடியாது.

மருந்துகளைப் பற்றி. நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை குடியில் கிடைக்கும் கிளர்ச்சியை மழுங்கச் செய்து, இழுப்பைக் குறைக்கிறது. அக்கம்ப்ரோசேட் நிறுத்திய பின் நீடிக்கும் படபடப்பைத் தணிக்க உதவுகிறது. ஈரல் கெட்டவர்களுக்கு சில மருத்துவர்கள் பாக்லோஃபென் தருகிறார்கள். எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்கிறவர்களுக்கு நல்ல துணை. ரத்த அழுத்த மாத்திரையை ஆயுள் முழுவதும் விழுங்குகிறவர்கள், இதை மட்டும் "மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார்" என்று இரண்டாம் வாரமே நிறுத்துகிறார்கள். நால்ட்ரெக்சோனும் அக்கம்ப்ரோசேட்டும் போதை தருவதில்லை.

டைசல்பிராம் கதை தனி. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு எதிராகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சாராயம் உடம்பில் சிதையும்போது இடையில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு மேற்கொண்டு சிதையாமல் இது தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். தெரிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினமும் வாங்கிப் போட்டுக்கொள்பவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. காலையில் ஒரே ஒருமுறை முடிவெடுத்தால் போதும், நாளெல்லாம் போராட வேண்டியதில்லை.

தெரியாமல் கலந்து கொடுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பஸ் நிலையச் சுவரிலும் கேபிள் டிவியிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்." சில பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. சாம்பாரில் டைசல்பிராம் விழுந்தது தெரியாமல் கடைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். இதய நோய் இருந்தால் பிணமாகவும் வரலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் மிஞ்சியிருக்கும். உயிர் பிழைத்தாலும் அவர் அதன் பிறகு அந்த வீட்டில் எதை நம்பிச் சாப்பிடுவார்? கலந்து கொடுத்த பெண்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை, அடி வாங்கி அடி வாங்கி வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். விற்கிறவன் மேல்தான் கோபம்.

அந்தப் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது என்பது நம் ஊரில் அதிகம் தெரியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கியது. கணவர் குடிக்காமல் வந்த சாயங்காலத்தை நல்ல சாயங்காலமாக்கு, குடித்து வந்தால் சண்டையும் வேண்டாம் சேவையும் வேண்டாம், விலகிக்கொள், வாந்தியை நீ துடைக்காதே, முதலாளிக்கு நீ போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்லாதே, அடிக்கக் கை ஓங்கினால் எங்கே போவது என்பதை முன்பே முடிவு செய்து வை. சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்பவர்களையும் இந்த வழியில் கணிசமாகக் கொண்டுவர முடிகிறது. மாலை போட்ட நாட்களில் வீட்டில் தானாகவே இதில் பாதி நடந்துவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடும் கூட்டங்களைப் பற்றி ஆரம்பத்தில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தொடங்கியது. இன்று நம் ஊர் தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் மாலை ஏழு மணிக்கு நடக்கிறது. பணம் இல்லை, பதிவேடு இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேன் டீ. எழுந்து நின்று "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2020இல் வந்தது. அது, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சற்று மேலாகவே இருக்கிறது என்று கண்டது. எனக்கு அதில் வியப்பில்லை. மாலை நேரத்தை நிரப்புகிறது, கூட இருப்பவர்கள் அதே பாடு பட்டவர்கள், மரியாதை கிடைக்கிறது, முடியும் தேதி கிடையாது. "இன்று ஒரு நாள்" என்று மட்டும் சொல்கிறார்கள். கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

ஊரையே சிகிச்சைக்குள் இழுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த மறு ஆண்டு, 1980இல், சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். 1980களின் இறுதியில் அவர்களுடைய குழு திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டது. நகரத்துக்கு ஆளைக் கொண்டுபோகாமல், அந்தக் கிராமத்திலேயே தங்கவைத்து, மனைவியரையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை. வெளியேறி நடந்தால் எந்தத் தெருவில் நடப்பாரோ அந்தத் தெருவையும் கூட்டிச் சேர்த்துச் செய்த வைத்தியம். இது எல்லா வட்டத்திலும் நடந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 2003இல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. எங்கள் புறநோயாளிப் பிரிவு காலையில் திறந்து, கடை திறக்கும் நேரத்துக்குள் மூடிவிடுகிறது. இழுப்பு உச்சத்தில் இருக்கும் மாலையில் ஒரு மனிதர் உதவி தேடினால் திறந்திருப்பது எது என்று பாருங்கள். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

மீதிப் பேரைப் பிடித்துக்கொள்ள மறுவாழ்வு மையம் என்ற பெயரில் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. எல்லாமே அப்படி இல்லை, நல்ல மையங்களையும் அறிவேன். ஆனால் முதுகில் பிரம்பு வரிகளோடு ஓர் இளைஞர் எங்கள் வார்டுக்கு வந்தபோது, அவருடைய தந்தை மாதக் கட்டணத்துக்கு ரசீதுகூட வாங்கியிருக்கவில்லை. சேர்க்கும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா? மனநல மருத்துவர் யார், என்றைக்கு வருவார்? வலிப்பு வந்தால் இரவில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்? முதல் வாரத்திலேயே நான் வந்து அவரைப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு இழுத்தடித்தால் ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

வருகிற கார்த்திகைக்கு உங்கள் வீட்டில் யாராவது மாலை போடுவதாக இருந்தால், அவர் தினமும் குடிப்பவராக இருந்தால், ஐப்பசி கடைசியிலேயே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு காலை அழைத்துவாருங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மருந்தோடு நிறுத்தி மாலை போடலாம், எந்தக் குருசாமியும் மறுக்கமாட்டார், நான் கேட்டிருக்கிறேன். நேரில் வரத் தயங்கினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். மாலையைக் கழற்றுகிற வாரத்துக்கு இன்னொரு சீட்டு அப்போதே போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு வருகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் அன்று வரிசையும் பெரிதாக இருக்காது.